ரிம்மில் தேய்த்த தேங்காயெண்ணெய்

“…பிரேக்குக் கட்டையில ஒரு குத்தமும் இல்ல ஓய், கட்டை புதுசாக்கும். ரிம்மு பூராவும் எண்ணெ. ஆரோ தேச்சு வச்சிருக்கு,” என்று சொல்லிக்கொண்டே பிரஸ் மாமா சக்கரத்தில் தடவிய விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

அந்த விரலை அங்கேயே நிறுத்திவைக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேலாக அது அங்கேதான் நிற்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் ஒன்றும் ஆகிவிடாது.

இப்போது எதற்கு இந்தக் கதை என்று கேட்பீர்கள். போன ஞாயிறு சைக்கிளில் நாற்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு நாம் எல்லாரும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோமே, அப்போது நம் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற டாக்டர் ஒரு சந்தேகம் கேட்டார். “டிஸ்க் பிரேக் கிரீச் கிரீச்சுன்னு கத்துது. அந்தத் தட்டுல ரெண்டு சொட்டு எண்ணெய் விடலாமா?” என்றார். உங்களுக்கெல்லாம் டீ புரையேறிவிட்டது. “தாராளமா விடுங்க டாக்டர், விட்டுட்டு நேரா உங்க ஆஸ்பத்திரிக்கே போய்ப் படுத்துக்கலாம்” என்று ஒருவர் சொன்னார். நான் சிரிக்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டீர்கள். முழங்கால் என்றேன். நம் வயதில் முழங்கால் என்று சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை.

முழங்கால் இல்லை. அந்த டாக்டர் கேட்ட கேள்விக்கு நான் பதினொரு வயதில் விடை பார்த்துவிட்டேன்.

கரமனையில், ஆற்றுக்கு இறங்குகிற ஒரு சரிவுத் தெருவில் எங்கள் வீடு. நாகர்கோயில் பக்கத்திலிருந்து மலையாளத் தலைநகருக்கு வந்து குடியேறிய குடும்பம். அப்பா வளைகுடாவில் இருந்தார். கடிதம் வரும், அவர் வரமாட்டார். வீட்டில் அம்மாவும் நானும், சித்தப்பாவும் சித்தியும், அவர்களுடைய நாலு வயது மகனும். வாடகைச் சீட்டு சித்தப்பா பெயரில், ரேஷன் கார்டு சித்தப்பா பெயரில். ஆகவே வீட்டில் சத்தம் போடும் உரிமையும் சித்தப்பா பெயரிலேயே இருந்தது.

சித்தப்பாவுக்கு இரும்புக்கடையில் வேலை. கம்பிக்கட்டுகளைத் தோளில் தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கியிருக்கும். கோபம் வந்தால் அந்த இறங்கிய தோள்தான் முதலில் எழும்பும். அது எழும்புவதைப் பார்த்துவிட்டு ஓடப் படித்துக்கொண்டவர்கள் அம்மாவும் நானும். சித்தி ஓடமாட்டாள். நின்று வாங்கிக்கொள்வாள், வாங்கிக்கொண்டே, “அடிச்சு முடிச்சாச்சா? கஞ்சி ஆறுது” என்பாள்.

அவருக்கு உயிர் என்று இரண்டு இருந்தன. ஒன்று மகன். இன்னொன்று சைக்கிள். கறுப்பு, பெரிய சைஸ், கம்பி பிரேக் வைத்தது, சீட்டுக்குச் சிவப்பு வெல்வெட் உறை. குறுக்குக் கம்பியில் மகன் உட்கார ஒரு குட்டி சீட்டு. சட்டத்தில் பொருத்திய பித்தளைப் பம்பு. அந்தப் பம்பில் இரண்டு நசுங்கல்கள் இருந்தன. ஒன்று, கோவளம் போகும் வழியில் துரத்தி வந்த நாய்க்கு. மற்றது, ஹாரன் அடித்து ஒதுங்கச் சொன்ன ஓர் ஆட்டோக்காரருக்கு. மற்றவர்கள் நாய் துரத்தினால் காலைத் தூக்கிக்கொண்டு மிதிப்பார்கள். சித்தப்பா இறங்கிப் பம்பைக் கழற்றுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏழெட்டுப் பேர் பாலத்தடியில் கூடுவார்கள். தையல்காரர், போஸ்ட்மேன், சித்தப்பா, பிரஸ் மாமா, இன்னும் சிலர். வேளி, கோவளம், நெய்யாற்றின்கரை என்று ஒரு சுற்று. ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து எங்கள் வீட்டு முன்னால் எல்லாச் சைக்கிளையும் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். அப்புறம் சக்கரங்களும் சுற்றும், வாய்களும் சுற்றும். நான் வாளியில் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் அங்கேயே நிற்பேன். அவர்கள் சொன்னதெல்லாம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நம் கூட்டத்தில் நான் சொல்லும் யோசனைகளில் பாதி அவர்களுடையது, இதுவரை சொல்லாமல் விட்டிருந்தேன்.

காற்று அடித்துவிட்டுக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கச் சொல்வார் போஸ்ட்மேன். “தேங்கா மாதிரி நிக்கணும். மாம்பழம் மாதிரி அமுங்கினா மறுபடியும் அடி. நமக்கு ஒரு நாளைக்கு முந்நூறு வீடு, மாம்பழத்த வச்சு ஓட்ட முடியாது.” சீட்டு உயரம் தையல்காரர் கணக்கு. “குதிங்கால பெடல்ல வச்சா கால் நேரா இருக்கணும். அளவு அம்புட்டுதான். சட்டைக்குத்தான் பதினாறு அளவு எடுக்கணும், சைக்கிளுக்கு ஒண்ணு மதி.”

சண்டை வந்தால் அது பிரேக்கில்தான் வரும்.

பிரஸ் மாமா அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். மெலிந்த ஆள், தடித்த கண்ணாடி. விரல் நுனிகள் எப்போதும் கறுப்பாக இருக்கும்; ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பொறுக்கி அந்த விரல்களுக்குக் கண் முளைத்துவிட்டது என்று தையல்காரர் சொல்வார். அவருக்கு முன் பிரேக்கில் நம்பிக்கை. “பின் பிரேக்கு மனு குடுக்கும் ஓய். முன் பிரேக்குதான் உத்தரவு போடும்” என்பார். செக்ரட்டேரியட் இருக்கிற ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சித்தப்பாவோ முன் பிரேக்குக் கட்டைகளைக் கழற்றியே எறிந்துவிட்டவர். “முன் பிரேக்கு மச்சினன் மாதிரி வேய். கூடவே வாறது போல வந்து ஒரு நாளு குப்புறத் தள்ளிரும். பின் பிரேக்கு பொண்டாட்டி. சொன்னா நிக்கும்.”

“சொன்னா நிக்காது, நின்ன மாதிரி காட்டும். வீட்டுல கேட்டுப் பாரும்” என்பார் தையல்காரர்.

எல்லாரும் சிரிப்பார்கள். சித்தப்பாவின் தோள் எழும்பும். ஒருமுறை அப்படிச் சிரித்ததற்குத் தையல்காரரின் முன்சக்கரத்தை மிதித்தே எட்டு மாதிரி வளைத்துவிட்டார். தையல்காரர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அடுத்த ஞாயிறு மறுபடியும் வந்தார். அப்போது அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. இப்போது இருக்கிறது. ஒருவன் அடிப்பான் என்று தெரிந்தும் ஆறு பேர் வாராவாரம் அவன் வாசலில் வந்து கூடியிருக்கிறார்கள். கோபக்காரன், ஆனால் நல்லவன் என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் கோடை விடுமுறை முடிகிற சமயம், சித்தப்பா மத்தியானம் தூங்கும்போது அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை விட்டு, பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, தெரு முனை வரை. திரும்பும்போது மதிலில் உரசிவிட்டது. மட்கார்டில் ஒரு வெள்ளைக் கோடு.

பழைய ட்யூபை நீளவாக்கில் வெட்டிக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருப்பார். கேரியரில் சாமான் கட்டுவதற்கு என்று பெயர். அது விழும்போது முதலில் சத்தம் கேட்கும். வலி ஒரு மூச்சுக்குப் பிறகு வரும். அந்த ஒரு மூச்சில்தான் அடுத்த அடி விழும், ஆகவே எதற்கு எந்த வலி என்று கணக்கு வைக்க முடியாது. கெண்டைக்கால் சதையில் ரப்பர் சுற்றிக்கொண்டு இழுபடும். நான் தரையில் சுருண்டு கிடந்தேன். அம்மா அடுக்களை வாசலில் முறத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். முறத்திலிருந்த அரிசி கொட்டிக்கொண்டே இருந்தது.

அப்போது வெளியே சைக்கிள் மணி. டிரிங் டிரிங் டிரிங். நிற்கவே இல்லை. தெருவே எட்டிப்பார்த்திருக்கும். சித்தப்பா ட்யூபோடு வாசலுக்குப் போனார்.

“என்ன ஓய், மணியில பேய் கேறியிருக்கா?”

பிரஸ் மாமா வாசலில் சைக்கிளோடு நின்றார். “லிவரு ஒட்டிக்கிட்டு ஓய். நிக்க மாட்டேங்கு. எண்ணெ இருந்தா ரெண்டு சொட்டு கொண்டாரும்.”

சித்தப்பாவால் அடிக்காமல் இருக்க முடியாது என்றால், பழுதான சாமானைப் பார்த்துச் சும்மா இருக்கவும் முடியாது. ட்யூபைத் தோளில் போட்டுக்கொண்டு எண்ணெய்க் கேனும் திருப்புளியும் எடுத்துவந்தார். மணியைக் கழற்றிப் பல்சக்கரத்தைத் துடைத்து, சுருளைச் சரிபார்த்து, அரை மணி நேரம் திட்டிக்கொண்டே மாட்டினார். மாட்டி முடிந்தபோது எதற்கு ட்யூபை எடுத்தோம் என்பதே அவருக்கு மறந்திருந்தது. போகும்போது பிரஸ் மாமா ஒரு தடவை உள்ளே பார்த்தார். என் காலைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அந்த மணியில் எந்தப் பழுதும் இல்லை. சித்தப்பாவுக்கு அது கடைசி வரை தெரியாது.

மழைக்காலம் வந்தது. நவராத்திரி முடிந்து வரும் ஞாயிறு பொன்முடிக்குப் போவது என்று கூட்டத்தில் முடிவாயிற்று. ஏறும்போது தள்ளிக்கொண்டு போகலாம். இறங்கும்போது இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். “முன் பிரேக்கு இல்லாத சைக்கிள் வேண்டாம்” என்று போஸ்ட்மேன் சொல்லிவிட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். சித்தப்பா பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, போஸ்ட்மேனே கேட்டார்: “மழையில ரிம்மு துருப்பிடிச்சுப் போகுது. என்ன செய்ய?”

பிரஸ் மாமா சொன்னார்: “எடுக்காம வச்சிருக்கிற சைக்கிளுக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெ தொட்டு ரிம்முல தேச்சு வையும். கண்ணாடி மாதிரி நிக்கும். ஆனா…”

“எல்லாத்துக்கும் இவருதான் வைத்தியரோ!” என்று ஒரு கத்தல். பம்பு பறந்தது. பிரஸ் மாமா குனிந்துவிட்டார்; அது போஸ்ட்மேனின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டது. போஸ்ட்மேன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூச்சல், கும்பல், சமாதானம். ஒரு மணி நேரம் கழித்துச் சித்தப்பா தானாகவே இறங்கிவந்தார். போஸ்ட்மேனின் காலில் தைலம் தேய்த்துவிட்டார். பொன்முடிக்குக் கட்டை மாட்டிக்கொள்ளச் சம்மதம் என்றார். பிரஸ் மாமாவே மாட்டட்டும் என்றார்.

அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தேங்காயெண்ணெய், ரிம், கண்ணாடி. என் மனதில் தங்கியது இந்த மூன்றும்தான்.

பூஜைவைப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் பிரஸ் மாமா வந்து முன்னும் பின்னும் புதுக் கட்டைகள் மாட்டினார். சித்தப்பாவை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். சரிவில் பாதி தூரம் போய்ப் பிடித்தார். சைக்கிள் ஆணியடித்த மாதிரி நின்றது. திரும்பி வந்து “ம்” என்றார். சித்தப்பாவிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு கிடைக்காது. பிரஸ் மாமா சிரித்துக்கொண்டே போனார்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அஷ்டமியன்று புத்தகமும் தொழில் சாமான்களும் விளக்கு முன்னால் வைத்துவிட்டால் விஜயதசமி காலை பூஜை எடுக்கும் வரை தொடக்கூடாது. எங்கள் வீட்டில் என் பாடப்புத்தகங்கள், ஸ்பானர்கள், எண்ணெய்க் கேன், நடுவில் சைக்கிள். அதற்கு முன்னால் சைக்கிளைத் துடைத்து வைக்கும் வேலையைச் சித்தி என்னிடம் விட்டாள்.

நான் எப்படித் துடைத்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மட்கார்டில் நான் போட்ட அந்த வெள்ளைக் கோட்டை அழிக்கிற மாதிரி துடைத்தேன். ட்யூப் அடியை அழிக்கிற மாதிரி துடைத்தேன். அடுக்களையிலிருந்து அம்மாவின் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்து, கந்தல் துணியில் ஊற்றி ஊற்றி, இரண்டு ரிம்மையும் உள்ளும் புறமும் தேய்த்தேன். பாட்டில் காலி. ரிம்மில் என் முகம் தெரிந்தது, நீளமாக, சந்தோஷமாக. வீடு முழுக்கச் சாம்பிராணியும் சந்தனமும் மணந்துகொண்டிருந்ததால் எண்ணெய் வாசனை யாருக்கும் தனியாகத் தெரியவில்லை.

சித்தப்பா குளித்துவிட்டு வந்து பார்த்தார். சைக்கிளைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். அடிக்காமல் அந்தக் கை என் மேல் பட்டது அதுதான் முதல் தடவை. “பரவால்லயே ஏட்டி” என்றார். இரண்டு நாளும் நான் காற்றில் நடந்தேன்.

விஜயதசமி காலை பூஜை எடுத்தார்கள். ஹேண்டில்பாரில் சந்தனம், குங்குமம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். மகனைக் குட்டி சீட்டில் உட்காரவைத்தார். அவன் புதுச் சட்டையில், மணியை இடைவிடாமல் அடித்துக்கொண்டு. எலுமிச்சம்பழங்கள் பிளந்தன. சைக்கிள் சரிவில் இறங்கியது. நாங்கள் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தோம். வெயிலில் சக்கரம் மின்னியதைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தெரு ஆற்றுப்பக்கம் திரும்புகிற இடத்தில் அவர் பிரேக் பிடிப்பார்; கட்டை ரிம்மில் உராயும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். அன்றைக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவருடைய இரண்டு முழங்கைகளும் விடைத்தன. சைக்கிள் வேகமாகிக்கொண்டே போனது. எதிரே துணி துவைத்துவிட்டு இரண்டு பெண்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர் ஹேண்டிலை ஒடித்தார். மதிலில் மோதினார்.

நாங்கள் ஓடிப் போனபோது தம்பி மதிலோரம் உட்கார்ந்திருந்தான். அழவில்லை. அவனுடைய இடது கை முழங்கைக்குக் கீழே வேறொரு பக்கம் திரும்பியிருந்தது. அவன் அதை யாருடைய கையோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். சித்தியைப் பார்த்ததும்தான் கத்தினான். சித்தப்பாவின் வாய் ஹேண்டிலில் அடித்திருந்தது. முன்பல் இரண்டு மண்ணில் கிடந்தன. சட்டையின் முன்புறம் நாபி வரை ரத்தம். சித்தியும் அம்மாவும் தம்பியை ஆட்டோவில் ஏற்றினார்கள். சித்தப்பாவை ஏறச் சொல்லி எத்தனை பேர் இழுத்தார்கள்! அவர் ஏறவில்லை. சைக்கிளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு சரிவில் மேலே நடந்தார், வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. தெரு அவர் பின்னால் போனது. நானும் போனேன்.

பிரஸ் மாமாவின் வாசலில் சைக்கிளைத் தூக்கிப் போட்டார். “வெளிய வாரும் ஓய்! உம்ம கட்டையப் பாரும்! எம்புள்ள கையப் பாரும்!”

பிரஸ் மாமா உள்ளிருந்து ஓடிவந்து, ரத்தத்தைப் பார்த்து ஒரு கணம் திகைத்து, பிறகு அவருடைய வழக்கப்படி சைக்கிளருகே குந்தினார். சக்கரத்தைச் சுற்றினார். கட்டையைத் திருப்பிப் பார்த்தார். ரிம்மில் விரலை ஓட்டினார்.

அப்புறம் நான் முதலில் எழுதிய வார்த்தைகளைச் சொன்னார்.

அதற்குச் சற்றுப் பிறகு நடந்ததைத் தெரு முழுக்கப் பார்த்தது. சித்தப்பா பம்பைக் கழற்றினார். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடிக்குப் பிரஸ் மாமா வலது கையைத் தூக்கித் தடுத்தார். விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம், மெல்லிய விறகு. மூன்றாவது அடியும் அதே கையில். கீழே விழுந்தவரை விலாவில் உதைத்தார். பிடிக்கப் போன தையல்காரருக்கு மூக்கில் முழங்கை விழுந்து அவருக்கும் ரத்தம். நாலு பேர் சேர்ந்து சித்தப்பாவை மடக்கித் தரையோடு அமுக்கியபோதும், அவருடைய கால்கள் மண்ணை உதைத்துக்கொண்டிருந்தன. பம்பில் மூன்றாவது நசுங்கல்.

பிரஸ் மாமா போலீசில் புகார் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டதற்குப் படியில் விழுந்ததாகச் சொன்னாராம். தெரு அதையும் சாட்சியாக எடுத்துக்கொண்டது. “குத்தம் இல்லாதவன் கேசு குடுக்காம இருப்பானா?” என்றார்கள். “வாதத்துல ஜெயிக்கணும்னு புள்ளயக் கூடப் பாக்கல” என்றார்கள். போஸ்ட்மேன்கூட, “ரிம்முக்கு எண்ணெ தேக்கச் சொல்லி எங்கிட்டயும் சொன்னாரு, நான் தப்பிச்சேன்” என்றார். ஒரே ஒரு விஷயம்தான் அவர்களுக்கு விளங்கவில்லை. “ஆளு நொறுங்கிப் போனாரு, அந்தக் கண்ணாடிக்கு ஒரு கீறலும் இல்ல பாத்தியளா” என்று ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

அம்மா அன்றைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். காலி எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்தாள். எண்ணெய் தேய்த்து இரண்டு நாள் ஆகியிருந்தும், என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சாம்பல் போட்டு என் கைகளைத் தேய்த்தாள், தோல் உரிகிற மாதிரி. தேய்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: “வாயத் திறந்தா நீயும் நானும் இண்ணைக்கே ரோட்டுல. உன்ன உசுரோட விட்டாதான் ரோடும். கேட்டியா?” கேட்டேன். பாட்டிலைக் கழுவிப் புதிதாக எண்ணெய் வாங்கி நிரப்பி அதே இடத்தில் வைத்தாள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு பேசியதே இல்லை. அம்மா கோழை என்று ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன். அவளுக்கு அப்போது முப்பது வயது என்பது எனக்கு ஐம்பதை நெருங்கும்போதுதான் உறைக்கிறது.

பொன்முடிக்கு யாரும் போகவில்லை. கூட்டம் அத்தோடு கலைந்தது. தம்பியின் கை கூடிவிட்டது. இப்போதும் நேராக நீட்டச் சொன்னால் கொஞ்சம் வளைந்துதான் நீளும். பிரஸ் மாமாவின் வலது கையில் மூன்று விரல்கள் பிறகு மடங்கவில்லை. ஈய எழுத்தைப் பொறுக்க முடியாது. முன் பிரேக்கின் லிவரும் வலது கைப்பக்கம்தான், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில மாதங்களில் அவர் குடும்பத்தோடு சொந்த ஊருக்கே போய்விட்டார். சித்தப்பா சாகும்வரை கல்யாண வீடுகளில் பொக்கை வாயைக் காட்டி, “ஒரு சதிகாரன் செய்தது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு தடவை பிரஸ் மாமாவைப் பார்த்தேன். எனக்கு இருபது வயது, பாறசாலை பஸ் ஸ்டாண்ட். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன் பிரேக்கின் கம்பியை வளைத்து, லிவரை இடது பக்கம் மாற்றியிருந்தார். என்னை அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அவரே கேட்டார்.

“சைக்கிள் ஓட்டுதியா மக்ளே?”

“ஆமா மாமா.”

“எண்ணெ தேச்சு வச்ச ரிம்ம, எடுக்கதுக்கு முந்தி சோப்புத் தண்ணி விட்டுக் கழுவித் துடைக்கணும். அதாக்கும் அண்ணைக்குச் சொல்ல வந்தது.” சிரித்தார். “முழுசாச் சொல்ல விட்டாத்தானே!”

என் பஸ் வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் மணியடித்துவிட்டார். அவ்வளவுதான். டாக்டர், டிஸ்க்கில் எண்ணெய் விடாதீர்கள். தெரியாமல் பட்டுவிட்டால் கழுவுங்கள். இது அவர் சொன்னது.

இனி அந்த விரலை விட்டுவிடலாம்.

பிரஸ் மாமா விரலை மோந்தார். ஈயமும் மையும் மணக்கிற அந்த விரலில் வேறொரு வாசனை. அவர் முகத்தில் ஏதோ நினைவு வந்து போனது. கண்ணாடிக்கு மேலாகக் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தேன். ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தேன். ட்யூப் சுற்றிய அதே கால். அவர் அந்தக் காலைப் பார்த்தார்.

“எண்ணெயா?” என்றார் சித்தப்பா. இறங்கிய தோள் எழும்பியது. “ஆரு தேச்சது? பூசைக்கு வச்ச சைக்கிள ஆரு… வீட்டுல தொடச்சது…” வாயிலிருந்து ரத்தம் ஒழுக, அவர் கழுத்து கூட்டத்தின் பக்கம், என் பக்கம், திரும்பத் தொடங்கியது.

“ஆரும் இல்ல ஓய்,” என்றார் பிரஸ் மாமா. சத்தம் சாதாரணமாக இருந்தது, காற்று எவ்வளவு அடிக்க வேண்டும் என்று சொல்வதைப் போல. “நாந்தான். நீரு ஓட்டிப் பாத்துட்டு உள்ள போனப்பொறவு, துருப்பிடிக்கக் கூடாதுன்னு நாந்தான் தேச்சேன்.”

சித்தப்பாவின் கழுத்து அங்கேயே நின்றது. குனிந்து பம்பின் மேல் கை வைத்தார்; கூட்டத்தின் கண்ணெல்லாம் அங்கே போயிற்று.

பிரஸ் மாமா எழுந்தார். அவர் பின்வாங்கவில்லை. என் பக்கமாக இரண்டு அடி வந்து, கண்ணாடியைக் கழற்றி, அதன் இரண்டு காம்புகளையும் நிதானமாக மடக்கி, எண்ணெய் தேய்த்த என் கையை முதுகுக்குப் பின்னாலிருந்து முன்னால் இழுத்து அதற்குள் வைத்து, என் விரல்களை அதன் மேல் ஒவ்வொன்றாக மூடிவிட்டு, சித்தப்பாவுக்கு நேராகத் திரும்பி நின்றார்.